ஆல்பம் அட்டையை நகத்தளவில் பாருங்கள்

பாட்டு ஆல்பத்தின் அட்டை வடிவமைப்பு வேலை பாதியில் இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து, 100 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, போனுக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தலைப்பு படிக்க வரவில்லை என்றால் எழுத்துருவை அப்போதே மாற்றிவிடலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

லேப்டாப்பில் 3000 பிக்சலில் வரையும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். பாட்டு ஆப்பின் பட்டியலில் அதே அட்டை கட்டைவிரல் நகத்தளவுதான். மெல்லிய தமிழ் எழுத்துருவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்' என்று வைத்த தலைப்பு 'கண' ஆகிவிடும். அப்புறம் ண, ன சுழிகள் ஒட்டிக்கொண்டு எது எதுவென்றே தெரியாது. ஆங்கிலத் தலைப்புக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. தடித்த எழுத்தும் அதன் பின்னால் வெறுமையான ஒரு நிறமும் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அச்சிட்ட சிடி உறை கேட்டிருந்தால் இது பொருந்தாது. அது சுமார் 12 செ.மீ. சதுரம், அதே அளவில் காகிதத்தில் ஒரு பிரின்ட் எடுத்துப் பார்ப்பதுதான் சரி. 12 அங்குல இசைத்தட்டு உறை என்றால் பொடி எழுத்துக்கும் தாராளமாக இடமுண்டு.