சபையில் கண்ட தவறைச் சபையிலேயே எடுத்துச் சொல்வது எப்படி?

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுப்பில், சபையார் கூடி உண்ணும் பொதுவிருந்தான அசனப் பண்டிகையன்று ஆலய வளாகத்துப் பந்தலில் முதல் பந்தி தொடங்கியிருந்தது. ஒரு தெருவைச் சேர்ந்த குடும்பங்கள் மட்டும் சமையற்கொட்டகைக்குப் பின்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் தனியே அமர்த்தப்பட்டிருந்தார்கள். குழம்பு வாளியோடு அவர்களிடம் சென்றவன் நான். பரிமாறினேன்; ஒன்றும் பேசாமல் திரும்பினேன். வாய் திறக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. திறந்தபோதும் கோபத்தில் பேசினேன். எந்த நாள், யார் சொல்லி அமர்த்தினார்கள், வேறு யார் பார்த்தார்கள் என்று சபையை நிர்வகிக்கும் கமிட்டியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லாததால், பேச்சு அன்றோடு முடிந்தது. அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விசுவாசத்துக்காகப் பேசுவது என்றவுடன் வெளியாருக்குச் சுவிசேஷம் சொல்வதையே பலரும் நினைக்கிறோம். சபைக்குள் சாதி பார்க்கப்படும்போது மௌனமாக இருப்பவன் வெளியே சொல்லும் சுவிசேஷத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? திக்கற்றவர்களின் நியாயத்துக்காக உன் வாயைத் திற என்று நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் சொல்வது கட்டளையாகவே இருக்கிறது.

முதலில், கண்டதை அன்றிரவே எழுதி வையுங்கள். தேதி, இடம், நடந்தது, உடனிருந்தவர்கள் என எல்லாம் அதில் இருக்கட்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். சபை மூப்பனுக்கு விரோதமான பிராதை (புகாரை) இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, குற்றம் செய்தவரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. உண்மை உறுதியாக நிற்க வேண்டும் என்பதற்காகவே.

அடுத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் செல்லுங்கள். இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். நீங்கள் பேசியதன் விலையை அவர்கள் கொடுக்க நேரலாம். மகளின் திருமணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்பு வாசிக்க, தாமதம் செய்வார்களோ, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது அலைக்கழிப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் சம்மதமின்றி அவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள். சம்மதிக்காவிட்டால், நீங்கள் கண்டதை மட்டும் உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

தனியே பேசுவதா, எல்லார் முன்பும் பேசுவதா என்பதே கடினமான கேள்வி. மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டிய வழி தெளிவானது: முதலில் தனித்திருக்கையில், பிறகு ஓரிருவரோடு, அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்கு. ஆனால் இந்த வசனத்தைக் காட்டியே பொதுவில் நடந்த அநியாயத்தை மூடிவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரம் பேசுவது, உனக்கு விரோதமாகக் குற்றம் செய்த சகோதரனைப் பற்றி. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து விலகிக்கொண்டபோது, பர்னபாவும் அந்த மாயத்தில் இழுப்புண்டான். பந்தி பலர் அறியப் பிரிந்தது; ஆகவே பவுலும் எல்லாருக்கும் முன்பாகவே பேதுருவிடம் பேசினான் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரகசியமாக நடந்ததைத் தனியேயும், பொதுவில் நடந்ததைப் பொதுவிலும் பேசலாம் என்பதே என் முடிவு. ஆயினும், பொதுவில் பேசுவதற்கு முன் போதகரை நேரில் கண்டு, இதைக் கமிட்டியில் எழுப்பப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் தாமாகவே திருத்த முன்வரக்கூடும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரே காரியம் இருக்கட்டும். காணிக்கைக் கணக்கையும் பழைய தேர்தல் தகராறையும் அதில் சேர்த்தால், எல்லாமே கட்சிச் சண்டையாகிவிடும். என்ன வேண்டும் என்பதைச் செய்யக்கூடிய வடிவில் கேளுங்கள். "சபையில் சாதி ஒழிய வேண்டும்" என்று எழுதினால் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். "இனி வரும் அசனங்களில் சபையார் அனைவரும் ஒரே பந்தலில், வந்த வரிசைப்படி அமர வேண்டும் எனத் தீர்மானிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால், ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள்.

பேசும்போது முதியவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். ஆனால் "ஐயா" என்று தொடங்கிய மரியாதைக்காக உள்ளதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பேசியதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதனால் இழப்பு வராது என்று நான் சொல்ல மாட்டேன். 1706-இல், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதால் டேனிய ஆளுநரின் பகைக்கு ஆளாகி, 1708-இன் இறுதியில் டான்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாத காலம் அடைக்கப்பட்டார். அடைத்தவரும் கிறிஸ்தவரே. காலமும் நீளும்: 1872-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு சிறகாகக் கட்டிய ஆலயத்தின் தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது, தனியிடம் கேட்டவர்கள் மதராஸ் உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள்.

ஆகவே முதல் கூட்டத்தில் தீர்மானம் தள்ளிப்போனால் ஆலயத்தை விட்டு விலகாதீர்கள். அடுத்த ஞாயிறும் வழக்கமான இடத்திலேயே அமருங்கள். உங்களை எதிர்த்தவரோடு ஒரே நற்கருணைப் பந்திக்குச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே கடிதத்தை, பழைய தேதியையும் குறிப்பிட்டு, மறுபடியும் கொடுங்கள். அசன நாளில் சற்று முன்னதாகவே போய், யார் எங்கே அமர்த்தப்படுகிறார்கள் என்று பாருங்கள். கொட்டகைக்குப் பின்னால் மறுபடியும் ஜமுக்காளம் விரித்திருந்தால், வாளியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.