கேரட் ராகி குக்கீஸ்: முதலில் ஈரத்தை வெளியேற்றுங்கள்

காய்கறி சேர்த்த குக்கீஸ் பலருக்கும் கேக் மாதிரி மெத்தென்று வந்துவிடுவதற்குக் காரணம் தண்ணீர்தான். கேரட்டில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர், அதை அப்படியே துருவி மாவில் போட்டால் சூட்டில் அந்த ஈரம் உள்ளேயே ஆவியாகி மாவை அவித்துவிடும், மேலே சிவந்திருக்கும், கடித்தால் நடுவில் கொழகொழவென்று இருக்கும். அதனால் கேரட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

100 கிராம் கேரட்டைத் துருவியின் சின்னக் கண்ணில் துருவி, ஒரு சிட்டிகை உப்பு பிசறி பத்து நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். (அந்தச் சாற்றைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய ஆகும்.) அப்புறம் ஒரு தேக்கரண்டி நெய்யில், சிறுதீயில், துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகும் வரை வதக்குங்கள். பச்சை வாசனை போய் லேசாக அல்வா வாசம் வரும், அதுதான் பதம். நன்றாக ஆறட்டும், சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகிப் போகும்.

இனி மாவு. ராகியில் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது, முழுக்க ராகியில் செய்தால் எடுக்கும்போதே பொலபொலவென்று உதிரும். 100 கிராம் ராகி மாவுக்கு 100 கிராம் கோதுமை மாவு சேர்த்தால் நன்றாகப் பிடித்து நிற்கும், மைதா தேவையே இல்லை. ராகியை மட்டும் வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து ஆறவிட்டு, கோதுமை மாவு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஏலக்காய்த் தூளோடு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

உருகாத, ஆனால் விரல் வைத்தால் அமுங்குகிற பதத்தில் 100 கிராம் வெண்ணெய், 90 கிராம் பொடித்த நாட்டுச் சர்க்கரை. இரண்டையும் நிறம் வெளுக்கும் வரை குழைத்து, கேரட்டையும் மாவையும் போட்டு விரல் நுனியால் ஒன்று சேருங்கள், அடித்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் கோதுமை மாவு இழுத்துக்கொண்டு குக்கீஸ் கடினமாகிவிடும். சேரவே மாட்டேன் என்றால் மட்டும் ஒரு தேக்கரண்டி பால். நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மொறுமொறுப்பு முக்கியம் என்பவர்கள் அதில் பாதிக்கு வெள்ளைச் சர்க்கரை போடலாம். எதைப் போட்டாலும் இது இனிப்புப் பண்டம்தான், ராகி இருக்கிறதே என்று குழந்தைக்கு ஒரு தட்டு நிறையக் கொடுக்காதீர்கள்.

மாவை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். தவிட்டோடு இருக்கிற மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அந்த நேரம் கொடுக்காவிட்டால் வாயில் நறநறக்கும். பிறகு எலுமிச்சை அளவுக்கும் சின்ன உருண்டைகளாக உருட்டி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராகத் தட்டி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ராகியின் நிறத்தில் சிவந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது, ஓரம் கெட்டியாகி அடிப்பக்கம் தட்டில் ஒட்டாமல் நகர்ந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், பயந்து மறுபடி உள்ளே தள்ள வேண்டாம், ஆற ஆறத்தான் இறுகும்.

ஓவன் இல்லையா? கனமான வாணலியில் உப்பைப் பரப்பி, நடுவில் ஸ்டாண்ட் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்துச் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம். அடி சீக்கிரம் கருகும், குக்கீஸ் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு கொடுத்துவிடுங்கள்.

பீட்ரூட்டும் இதே முறைதான், ஆனால் அந்தச் சிவப்பு சூட்டில் மங்கிப் பழுப்பாகும், நிறத்துக்காகப் போடுவதானால் வேண்டாம். முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் ஈரத் தொல்லையே இல்லை, சர்க்கரையைக் குறைத்து சீரகமும் மிளகும் தட்டிப் போட்டால் டீக்கு அருமை. ராகிக்குப் பதில் கம்பு என்றால் அன்றன்றைக்கு அரைத்த மாவாக இருக்கட்டும், பழைய கம்பு மாவு கசக்கும்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். இரண்டாம் நாள் நமுத்துப் போனால் 120 டிகிரியில் பத்து நிமிடம் காட்டி எடுங்கள், பழையபடி மொறுமொறுப்பாகிவிடும்.