சொட்டும் ஷவர், சொட்டும் கீசர்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுக் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. போன மார்கழியில் அங்கே தங்கியிருந்தபோது, கீசருக்குத் தண்ணீர் ஏறும் குழாயில் இருந்த வால்வு கண்ணில் பட்டது. அதன் பக்கவாட்டு வாயில் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடியை முடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, “அது ராத்திரி பூரா சொட்டிக்கிட்டே இருந்துச்சுப்பா. பிளம்பர் வந்து அடைச்சிட்டுப் போனாரு, இப்ப ஒரு சொட்டுகூட இல்ல” என்றார் பெரியம்மா. எனக்குப் பகீர் என்றது. உடனே போய் கீசரை அணைத்தேன்.

சொட்டுகிற இடத்தை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிக மோசமான தவறு. அந்த வாய் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பதும், உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே விடுவதும் அதன் வேலை. தண்ணீர் சூடானால் விரியும். 28 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 330 மில்லி கூடும், அதாவது ஒன்றரை டம்ளர். ஷவரும் மூடியிருக்கிறது, வந்த வழியே திரும்பவும் முடியாது என்றால், அந்த ஒன்றரை டம்ளர் தண்ணீர் வால்வு வழியாகத்தான் சொட்டும். 2 கிலோவாட் கீசர் இவ்வளவு தண்ணீரைச் சூடாக்க அரை மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மட்டும் சொட்டி, அப்புறம் நின்றுவிட்டால் அது பழுதே இல்லை.

அதை அடைத்தால் என்ன ஆகும்? சாதாரண நாளில் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடும். அது கெட்டால் காப்பாற்ற இன்னொரு கட்-அவுட்டும் உள்ளே உண்டு. இரண்டும் கைவிட்ட அன்றைக்குப் பெரிதும் நம்ப வேண்டியது இந்த வால்வைத்தான். அதையும் அடைத்து வைத்தால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்க இடமில்லாமல் உள்ளேயே அழுத்தத்தோடு நிற்கும். தொட்டி விரிசல் விட்ட நொடியில் அதில் ஒரு பங்கு ஒரேயடியாக நீராவியாக மாறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். குளியலறைச் சுவர் அதற்குத் தாங்காது. தரை ஈரமாகிறது என்பதுதான் கவலை என்றால், வால்வு வாயில் ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகால்வரை இறக்கிவிட்டால் போதும். டியூபின் கீழ்முனை எப்போதும் திறந்திருக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

கீசரை அணைத்து வைத்த நாளிலும் வால்வு சொட்டுகிறதா? அப்போதுதான் அது பழுது. மொட்டை மாடித் தொட்டி கீசரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடி வீடு என்றாலும் பெரும்பாலும் அவ்வளவு வராது. கீசர்களோ பல 8 பார் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே தொட்டித் தண்ணீரின் எடை மட்டும் அந்த வால்வைத் திறக்க முடியாது. உள்ளே மணலோ சுண்ணாம்புப் படிவோ சிக்கி, அது முழுதாக மூடாமல் நிற்கிறது என்று பொருள். தண்ணீர் ஆறியிருக்கும்போது வால்வின் சின்ன லீவரை நாலைந்து முறை தூக்கி விட்டுப் பாருங்கள். சில சமயம் குப்பை அடித்துக்கொண்டு போய் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு போடுங்கள். பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் பம்ப் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

படிவு என்றதும் நம் ஊர்த் தண்ணீரைச் சொல்லியாக வேண்டும். கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிவரை கடலை ஒட்டிய பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, சில தெருக்களில் உப்புக் கரிக்கும். வாளி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிவது கீசருக்குள்ளும் படிகிறது, சூடு ஏற ஏற அதிகமாகப் படிகிறது. தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகி வைப்பதும் அதனால் தவறுதான். நம் ஊர்க் குளிருக்கு 50, 55 டிகிரி தாராளம்.

அடுத்த தவறு, எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்காமலே ஸ்பேனரை எடுப்பது. ஷவரை மூடிய பிறகு சில நிமிடம் சொட்டுவது தலைக்குள் தேங்கிய தண்ணீர்தான், அதை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டினால் ஷவர் தலையை மாற்றிப் பயனில்லை, கீழே இருக்கும் குழாய் சரியாக மூடவில்லை. சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டுக்கும் தனித்தனிப் பிடி இருக்கும் குழாய் என்றால், எது கசிகிறது என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கீசரை அணைத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை (சுவரோரம் தண்ணீரை நிறுத்தும் சின்னக் குழாயை) மூடுங்கள். சொட்டு நின்றால் சுடுதண்ணீர்ப் பக்கத்துக் கோளாறு, நிற்காவிட்டால் மற்றப் பக்கம். இணைப்புகளில் சந்தேகம் என்றால் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி வையுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான்.

குழாய் கசிகிறது என்று பிடியை இறுக்கி முறுக்குவதை எல்லார் வீட்டிலும் பார்க்கிறேன். ரப்பர் வாஷர் உள்ள பழைய குழாயில் இப்படிச் செய்தால் வாஷர் நசுங்கி, அது உட்காரும் இடமும் தேய்ந்து, இன்னும் அதிகமாகக் கசியும். வாஷரை மட்டும் மாற்றுங்கள், மலிவான வேலை. கால் சுற்றில் திறந்து மூடும் குழாயில் வாஷர் கிடையாது, உள்ளே பீங்கான் தகடுகள். அதற்கு அந்தத் தகடுகள் அடங்கிய ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மரையும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்துவிடும். கீசரின் வளையும் குழாயில், நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால் டேப்பே தேவையில்லை.

கரண்ட் விஷயத்தில் சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இருந்தால், அணைத்த பிறகும் கீசருக்குள் ஷாக் அடிக்கும் ஃபேஸ் நிற்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லை என்றால் மெயினையே அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கடற்காற்றில் பிளக் பின்கள் பச்சை பூத்துச் சூடாவது நம் பக்கம் சகஜம், அதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஷவர் தண்ணீரோ குழாயோ லேசாக ‘சுர்’ என்று இழுத்தால், அன்றைக்குக் குளியலே வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே தானாக நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் குளிக்கிற இடம் அது.

கீசரின் வெளிக்கூட்டுக்கு அடியிலிருந்தே சொட்டினால் எம்-சீல் பூசிப் பார்க்காதீர்கள். ஹீட்டிங் காயில் பொருத்திய இடத்தின் கேஸ்கெட் போயிருந்தால் மெக்கானிக் மாற்றித் தருவார். தொட்டியே ஓட்டை என்றால் மாற்றுவதுதான் வழி. இரண்டில் எதுவானாலும், கரண்ட் இணைப்பு இருக்கும் இடத்தை ஒட்டியே தண்ணீர் வருகிறது என்பதால் அதுவரை பிளக்கை மாட்டவே கூடாது. சர்வீஸுக்கு ஆள் வரும்போது மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து துருவிலிருந்து காப்பாற்றும் கம்பி அது. நம் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துபோகும்.

எல்லா வேலையும் முடிந்ததும் அவசரப்பட்டு சுவிட்சைப் போட வேண்டாம். ஆங்கிள் காக்கைத் திறந்து, சுடுதண்ணீர்ப் பிடியையும் திறந்து வையுங்கள். முதலில் காற்று புஸ் புஸ்ஸென்று வரும், பிறகு தண்ணீர் விட்டு விட்டு வரும். விடாமல் ஒரே சீராக ஓடத் தொடங்கினால்தான் தொட்டி நிறைந்ததாகக் கணக்கு. தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும்.