பிஎஃப்–விஎஃப் மெயில்பாக்ஸ்: முதல் செய்தியை அனுப்பிப் பதில் பெறுவது வரை

எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டைப் பல கார்டுகளாகக் காட்டும் முறை) வசதியுள்ள நெட்வொர்க் கார்டில் ஒரு விஎஃப்பை, அதாவது அப்படிக் காட்டப்படும் ஒரு மெய்நிகர்ப் பகுதியை, மெய்நிகர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், பாக்கெட்டுகளை அனுப்பவும் பெறவும் அது யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தன் மேக் முகவரியை மாற்றிக்கொள்வது, ஒரு விலானில் (தனியாகப் பிரிக்கப்பட்ட பிணையக் குழுவில்) சேர்வது, ஜம்போ ஃபிரேமை (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்டை) ஏற்பது போன்றவை அதே போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற விஎஃப்களையும் பாதிக்கக்கூடியவை. ஆகவே அவற்றை விஎஃப் டிரைவர், கார்டின் முதன்மைப் பகுதியான பிஎஃப்பின் டிரைவரிடம் கேட்டுத்தான் பெற முடியும். இரண்டு டிரைவர்களும் வெவ்வேறு கெர்னல்களில், சில இடங்களில் வெவ்வேறு இயங்குதளங்களிலேயே ஓடக்கூடும் என்பதால், அவை பேசிக்கொள்வதற்கென்று ஹார்டுவேரிலேயே ஒரு சிறிய வழி அமைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் மெயில்பாக்ஸ்.

இந்தக் கட்டுரை இன்டெல் 82599 கார்டையும், அதற்கான லினக்ஸ் டிரைவர்களான ஐஎக்ஸ்ஜிபிஇ, ஐஎக்ஸ்ஜிபிஇவிஎஃப் ஆகிய இரண்டையும் வைத்து எழுதப்பட்டது. அந்தக் கார்டுக்கு விஎஃப்ஐஓ (சாதனத்தைப் பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் லினக்ஸ் வசதி) வழியாக, பயனர் தளத்திலேயே ஓடும் ஒரு சிறிய விஎஃப் டிரைவரை எழுதி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். விஎஃப்களை உருவாக்குவதும் பிசிஐ பார் பகுதியை (கார்டின் ரெஜிஸ்டர்கள் தெரியும் முகவரிப் பகுதியை) மேப் செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கார்டுகளில் இதே முறை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்டெலின் பிற்காலக் கார்டுகளுக்கான ஐஏவிஎஃப் டிரைவர் ரெஜிஸ்டர்களுக்குப் பதில் ஒரு வரிசையின் வழியாக விர்ட்சேனல் செய்திகளை அனுப்புகிறது. மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 விஎஃப்போ நேராக ஃபர்ம்வேரிடமே பேசுகிறது.

எதை வைத்துப் பழகுவது

கையில் கார்டு இல்லாதவர்கள் க்யூஎமு என்ற இயந்திரப் பாவனை மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த க்யூஎமு 8.0 முதல், இன்டெல் 82576 கார்டை ஐஜிபி என்ற பெயரில், எஸ்ஆர்-ஐஓவியோடு சேர்த்தே அது பாவனை செய்கிறது. 82576-இன் மெயில்பாக்ஸும் 82599-இன் மெயில்பாக்ஸும் ஏறத்தாழ ஒன்றுதான். கீழே சொல்லும் கட்டுப்பாட்டு பிட்கள் இரண்டிலும் அதே இடங்களில் இருக்கின்றன. ஐஜிபி, ஐஜிபிவிஎஃப் இரண்டும் ஒரே மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதால் இரு பக்கத்துப் பதிவுகளையும் ஒரே திரையில் பார்க்கலாம். தொடக்கத்தில் இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பிழை தேடுவதற்கு பிரின்ட்கே (கெர்னல் பதிவில் வரி எழுதும் செயற்கூறு) வேண்டவே வேண்டாம். மெயில்பாக்ஸ் சிக்கல்கள் பெரும்பாலும் நேரம் சார்ந்தவை; கன்சோலுக்கு ஒரு வரி எழுதும் தாமதமே சிக்கலை மறைத்துவிடும். கெர்னலுக்குள் டிரேஸ் பிரின்ட்கே, பயனர் தளத்தில் நினைவகத்திலுள்ள ஒரு வட்டப் பஃபர் என்று வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு எடுத்துப் படியுங்கள்.

படி 1: இடத்தை அறிவது

விஎஃப்பின் முதல் பார் பகுதியில் ஹெக்ஸ் 200 என்ற இடத்திலிருந்து 16 வேர்டுகள் தொடங்குகின்றன. வேர்டு ஒன்றுக்கு 32 பிட் வீதம் மொத்தம் 64 பைட். இதுதான் செய்திப் பஃபர். கேள்வியும் பதிலும் இந்த ஒரே பஃபரில்தான் எழுதப்படுகின்றன. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கிடையாது. இதற்கு அருகிலேயே விஎஃப்பின் மெயில்பாக்ஸ் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் இருக்கிறது. பிஎஃப் பக்கத்தில் ஒவ்வொரு விஎஃப்புக்கும் இதேபோல ஒரு பஃபரும் ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரும் தெரியும்.

படி 2: கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைச் சரியாகப் படிப்பது

இங்கே நிதானமாக நில்லுங்கள். விஎஃப் பக்க ரெஜிஸ்டரில் எட்டு பிட்களே முக்கியம். பிட் 0 விஎஃப் எழுப்பும் கோரிக்கை. பிட் 1 பிஎஃப்பின் செய்தியைப் படித்துவிட்டதாக விஎஃப் தரும் ஒப்புகை. பிட் 2 பஃபர் இப்போது விஎஃப்பின் உரிமையில் இருப்பதைக் காட்டுவது. பிட் 3 பிஎஃப்பின் உரிமையைக் காட்டுவது. பிட் 4 பிஎஃப் ஒரு செய்தி எழுதியிருக்கிறது என்பதற்கு, பிட் 5 விஎஃப் அனுப்பியதை பிஎஃப் படித்துவிட்டது என்பதற்கு. பிட் 6 பிஎஃப் ரீசெட்டில் இருக்கிறது என்றும், பிட் 7 அந்த ரீசெட் முடிந்தது என்றும் சொல்கின்றன.

இவற்றில் 4, 5, 7 ஆகிய மூன்றும் படித்தவுடன் அழிந்துவிடும் பிட்கள். ரெஜிஸ்டரை எதற்காகப் படித்தாலும், எந்த பிட்டைத் தேடிப் படித்தாலும், இந்த மூன்றும் அந்தக் கணமே பூஜ்யமாகிவிடும். புதிதாக எழுதுபவர்களின் டிரைவர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

என்ன நடக்கிறது என்று அருகில் சென்று பார்ப்போம். விஎஃப் ஒரு கோரிக்கையை எழுப்பிவிட்டு, பிட் 5 வருகிறதா என்று 500 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை ரெஜிஸ்டரைப் படித்துக்கொண்டிருக்கிறது. பிஎஃப் அந்தச் செய்தியைப் படித்து ஒப்புகை தருகிறது; வேலை சின்னது என்பதால், அடுத்த 500 மைக்ரோ நொடிக்குள்ளேயே பதிலையும் எழுதி முடித்துவிடுகிறது. இப்போது விஎஃப் ஒரே வாசிப்பில் பிட் 4, பிட் 5 இரண்டையும் பெறுகிறது. பிட் 5-ஐ மட்டும் எதிர்பார்த்த நிரல் அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டுப் போகிறது. அடுத்து பிட் 4-க்காகக் காத்திருக்கத் தொடங்கும்போது, ஹார்டுவேரில் அந்த பிட் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கிறது. பதில் பஃபரில் அப்படியே கிடக்க, டிரைவர் காலக்கெடு முடியும்வரை காத்திருந்து தோல்வி என்று அறிவிக்கிறது. பிஎஃப் மெதுவாக இருந்தால் இரண்டு பிட்களும் தனித்தனி வாசிப்புகளில் வந்து எல்லாம் சரியாக ஓடும். வேகமாக இருந்தால்தான் உடையும். பிரின்ட்கே வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

தீர்வு எளியது. ஐஎக்ஸ்ஜிபிஇவிஎஃப்பின் மூலநிரலிலும் இதைத்தான் காண்பீர்கள். ரெஜிஸ்டரைப் படிப்பதற்கு ஒரே ஒரு செயற்கூறு மட்டும் இருக்க வேண்டும். அது ஹார்டுவேரிலிருந்து வந்த மதிப்போடு, நினைவகத்தில் சேமித்து வைத்திருக்கும் பழைய பிட்களை ஆர் (OR) செய்து திருப்பித் தர வேண்டும்; புதிதாக வந்த 4, 5, 7 பிட்களைச் சேமிப்பிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பிட்டை யாராவது உண்மையில் பயன்படுத்திக்கொண்ட பிறகு, அந்த ஒன்றை மட்டும் சேமிப்பிலிருந்து நீக்க வேண்டும். டிரைவரின் வேறெந்த வரியும் ரெஜிஸ்டரை நேராகத் தொடக் கூடாது. வெளியிலிருந்து ஒரு கருவியால் ரெஜிஸ்டரை எட்டிப் பார்ப்பதும் வாசிப்புதான், அதுவும் பிட்களை அழிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிஎஃப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எந்த விஎஃப் கோரிக்கை எழுப்பியது, எது ஒப்புகை தந்தது என்பதைக் காட்டும் ரெஜிஸ்டரில், ஒன்று எழுதினால்தான் பிட் அழியும். ஒரு ரெஜிஸ்டருக்கு 16 விஎஃப்கள் வீதம் நான்கு ரெஜிஸ்டர்கள் 64 விஎஃப்களுக்கும் போதுமானவை. இரு பக்கத்தின் வழக்கமும் ஒன்றே என்று எண்ணி, பிஎஃப் நிரலைப் பார்த்து விஎஃப் நிரலை எழுதினால் சிக்கல் நிச்சயம்.

படி 3: ஒரு செய்தியை அனுப்புவது

முதலில் பிட் 2-ஐ எழுதிப் பஃபரின் உரிமையைக் கேளுங்கள். பிஎஃப் அதை வைத்திருந்தால் உங்கள் எழுத்து பலிக்காது. ஆகவே மேலே சொன்ன செயற்கூறின் வழியாகத் திரும்பப் படித்து, பிட் 2 நின்றிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உரிமை கிடைத்ததும், சேமிப்பில் இருக்கும் பழைய பிட் 4, பிட் 5 இரண்டையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் போன செய்திக்கு வந்த ஒப்புகையை இந்தச் செய்திக்கு வந்ததாக நிரல் எடுத்துக்கொள்ளும். பிறகு வேர்டுகளைப் பஃபரில் எழுதிவிட்டு, கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் பிட் 0-ஐ மட்டும் எழுதுங்கள்.

அந்த ‘மட்டும்’ முக்கியமானது. பிட் 2 பூஜ்யமாக எழுதப்படுவதால் உரிமை தானாகவே விடுபடுகிறது. அதே எழுத்து பிஎஃப்புக்கு இன்டரப்டையும் எழுப்புகிறது. பழக்கதோஷத்தில் ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டைச் சேர்த்துத் திரும்ப எழுதினால், உரிமை உங்களிடமே தங்கிவிடும். பிஎஃப் பஃபரைத் திறக்க முடியாமல் நிற்கும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏபிஐ 1.5-க்கு (இரு டிரைவர்களும் பேசி முடிக்கும் செய்திமுறைப் பதிப்பு; படி 5-ஐப் பாருங்கள்) உடன்பட்ட பிறகு, லினக்ஸ் விஎஃப் டிரைவர் ஒப்புகை வரும்வரை உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கும் வேறொரு முறைக்கு மாறிவிடுகிறது. கற்கும்போது பழைய முறையிலேயே இருங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

லினக்ஸ் டிரைவர் 500 மைக்ரோ நொடி இடைவெளியில் 2000 முறை பார்க்கிறது. அதாவது ஒரு நொடிவரை காத்திருக்கிறது. அதற்குள் எதுவும் வராவிட்டால் காலக்கெடுவைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. அடுத்த ரீசெட் வரை எந்தச் செய்தியும் காத்திராமல் உடனே தோல்வியடையும்படி செய்யும் இந்த ஏற்பாட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கேள்வியை எழுதுவதிலிருந்து பதிலைப் படித்து முடிப்பதுவரை முழுவதும் ஒரே லாக்கின் கீழ் நடக்க வேண்டும். எழுதுவதற்கு ஒரு லாக், படிப்பதற்கு ஒரு லாக் என்று பிரித்தால், விலான் கேட்டவருக்கு மேக் பதில் போய்ச் சேரும்.

படி 4: முதல் செய்தி ரீசெட்தான்

ரீசெட் செய்தி போகாமல் வேறெது அனுப்பினாலும் பிஎஃப் மறுத்துவிடும். விஎஃப்பின் பொதுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் (மெயில்பாக்ஸுடையது அல்ல) வழியாக ரீசெட் செய்துவிட்டு, மெயில்பாக்ஸ் ரெஜிஸ்டரில் பிட் 6, பிட் 7 இரண்டும் மறையும்வரை காத்திருங்கள். பிறகு ஒரே ஒரு வேர்டு, மதிப்பு 1 என்று அனுப்புங்கள். பதில் 82599-இல் நான்கு வேர்டு, 82576-இல் மூன்று. முதல் வேர்டில் முடிவும், அடுத்த இரண்டில் மேக் முகவரியும், 82599-இன் நான்காவதில் மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு அனுப்பப்படும் பாக்கெட்) வடிகட்டியின் வகையும் வரும்.

மேக் முகவரி பைட் பைட்டாக நினைவகத்தில் நகலெடுக்கப்படுகிறது. எனவே 02:11:22:33:44:55 என்ற முகவரி, எக்ஸ்86 இயந்திரத்தில் பார்க்கும்போது இரண்டாம் வேர்டில் 33221102 என்றும் மூன்றாம் வேர்டில் 00005544 என்றும் தெரியும். திருப்பிப் போட்டது போலத் தெரிகிறதே என்று பைட்களை மாற்றி அடுக்க வேண்டாம்.

முதல் வேர்டின் மேல் பிட்களில் 31 ஏற்பு, 30 மறுப்பு, 29 ‘அனுப்பத் தடையில்லை’ என்ற குறி. பிட் 16 முதல் 23 வரை கூடுதல் விவரம். கீழ்ப் பகுதியில் செய்தி எண். ரீசெட்டுக்கு மறுப்பு வந்தாலும் அது பிழையல்ல. நிர்வாகி இந்த விஎஃப்புக்கு இன்னும் மேக் முகவரி தரவில்லை என்றுதான் பொருள். நீங்களே ஒரு தற்செயல் முகவரியை உருவாக்கிக்கொண்டு மேலே செல்லலாம்.

மற்றச் செய்திகளின் பதிலை ஒப்பிடுவதற்கு முன் பிட் 29-ஐக் கட்டாயம் நீக்குங்கள். மேக் மாற்றும் செய்தியின் எண் 2. அதற்கான மறுப்பைப் பிட் 30-உம் எண் 2-உம் சேர்ந்த மதிப்போடு நேராக ஒப்பிட்டால், பிட் 29-உம் ஏறியிருப்பதால் ஒப்பீடு பொய்யாகும். மறுக்கப்பட்ட முகவரியை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக டிரைவர் நம்பிவிடும். பிறகு பாக்கெட்டுகள் ஏன் வரவில்லை என்று மற்ற இடங்களில் எல்லாம் தேட வேண்டியிருக்கும்.

படி 5: ஏபிஐ பதிப்பைப் பேசி முடிப்பது

செய்தி எண் 8. உயர்ந்த பதிப்பிலிருந்து தொடங்கி, பிஎஃப் ஏற்கும்வரை ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். பதிப்பு எண்ணை அப்படியே அனுப்பக் கூடாது. மூலநிரலில் உள்ள பட்டியலில் அது இருக்கும் இடத்தைத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் 1.0-க்கு 0, சொலாரிஸுக்காக ஒதுக்கப்பட்ட 2.0-க்கு 1, அதன் பிறகுதான் 1.1-க்கு 2, 1.2-க்கு 3 என்று போகிறது. 1.1-ஐக் கேட்பதாக நினைத்து 1 என்று அனுப்பினால் 2.0-ஐக் கேட்டதாகிவிடும்.

பிஎஃப் பக்கம் எழுதுபவர்களுக்கு

பஃபர் கெஸ்டின், அதாவது மெய்நிகர் இயந்திரத்தின், கையில் நேராக இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஹைப்பர்வைசர் நடுவில் நின்று எதையும் வடிகட்டுவதில்லை. ஆகவே அதில் வரும் எந்த எண்ணிக்கையையும் நம்பி வளையத்தை ஓட்டக் கூடாது. மல்டிகாஸ்ட் செய்தி நல்ல எடுத்துக்காட்டு. முதல் வேர்டு போக மீதம் 15 வேர்டுகள். முகவரிகளை முழுதாக அனுப்ப இடமில்லை என்பதால், ஒவ்வொன்றின் ஹேஷும் 16 பிட்டில் அடைக்கப்படுகிறது. அப்படி 30 ஹேஷ்கள் பிடிக்கும். எத்தனை என்ற எண்ணிக்கை கூடுதல் விவரப் பகுதியிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியில் 255 வரை எழுத முடியும். ஐஎக்ஸ்ஜிபிஇ அதை 30-க்குள் வெட்டிவிட்டுத்தான் மேலே செல்கிறது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து

ரீசெட் செய்திக்கு ஒப்புகையே வரவில்லை என்று பலர் எழுதினார்கள். ஹோஸ்டில் (பிஎஃப் டிரைவர் ஓடும் இயந்திரத்தில்) பிஎஃப் இன்டர்ஃபேஸ் அப் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது டவுனில் இருந்தால் மெயில்பாக்ஸ் இன்டரப்டைக் கவனிக்க யாரும் இல்லை. லினக்ஸ் விஎஃப் டிரைவர்களும் இந்நிலையில் பிஎஃப் அப் ஆகியிருக்கிறதா என்றுதான் பதிவில் கேட்கின்றன.

கெஸ்டுக்குள் மேக் முகவரியை மாற்றினால் மறுப்பு வருகிறது என்றார் ஒருவர். ஹோஸ்டில் நிர்வாகி அந்த விஎஃப்புக்கு முகவரியை ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டால், அதை மாற்ற ஐஎக்ஸ்ஜிபிஇ விடாது. ஹோஸ்டின் பதிவில் எச்சரிக்கையும் விழும். தேவை உண்மையாக இருந்தால், ஹோஸ்டில் ஐபி லிங்க் கட்டளையின் டிரஸ்ட் தேர்வை அந்த விஎஃப்புக்கு இயக்கலாம். கெஸ்ட் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

ஐபிவி6 முகவரிகள் நிறைய வைத்திருக்கும் விஎஃப்பில் சில முகவரிகள் மட்டும் எட்டவில்லை என்ற கேள்வியும் வந்தது. ஒவ்வொரு ஐபிவி6 முகவரியும் அண்டைக் கண்டறிதலுக்காக ஒரு மல்டிகாஸ்ட் குழுவில் சேர்கிறது. குழுக்கள் 30-ஐத் தாண்டினால் மேலே சொன்ன செய்தியில் மிச்சத்துக்கு இடமில்லை. அதற்காகத்தான் எல்லா மல்டிகாஸ்டையும் கேட்கும் தனிச் செய்தி, எண் 12, பின்னர் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்த ஏபிஐ 1.2 அல்லது அதற்கு மேல் பேசி முடித்திருக்க வேண்டும்; அந்த விஎஃப்புக்கு டிரஸ்டும் இயக்கப்பட்டிருக்க வேண்டும்.