குடியிருப்பவரோடு வீடு வாங்குகிறீர்களா? முதலில் அட்வான்ஸைக் கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை, கீழே குடியிருந்தவர்களோடு சேர்த்தே வாங்கினேன். பத்திரம் பதிந்த நாலாவது மாதம் அவர்கள் காலி செய்தார்கள். “சார், எங்க அட்வான்ஸ் 40,000?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பணம் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது. குடியிருந்தவர்கள்மேல் என்ன தவறு? நானே கொடுத்தேன்.

அதனால் விலை பேசும்போதே, அட்வான்ஸ் எவ்வளவு என்று குடியிருப்பவரிடம் நேரில் கேளுங்கள். விற்பவர் சொல்லும் கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும். அந்தத் தொகையைக் கிரயப் பணத்தில் கழித்துக்கொண்டு, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்துவிடுங்கள். அன்றைக்கே மின் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யூனிட் எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி. பழைய பாக்கி யாருடையது என்ற பேச்சே வராது.

அப்புறம் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தனியாக வேறு உடன்பாடு இல்லையென்றால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

முதல் வருட வாடகையை முழுக்கச் செலவழித்துவிடாதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகை அள்ளிப் போடுங்கள். என் வீட்டில் கூரை ஒழுகியதற்குக் காரணம் அதுதான்.