சொந்தத் தொழில் நடத்தும் பெண்களுக்கான வார நேரத் திட்டம்: முதன்முறையாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

நேர மேலாண்மை பற்றிய அறிவுரைகளில் பல, வேலை நேரம் முழுவதும் தம் வசமே இருக்கும் ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சொந்தத் தொழில் நடத்தும் பெண்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் ஊதியமில்லாப் பராமரிப்புப் பணிகளுக்கு நாளொன்றுக்குப் பெண்கள் சராசரியாக 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகின்றனர். ஆகவே இந்த விளக்கம் பணிப்பட்டியலிலிருந்து தொடங்காமல், உங்கள் நேரம் இப்போது எங்கே போகிறது என்று கணக்கெடுப்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு நோட்டும் பேனாவும் கைபேசியில் உள்ள காலண்டரும் இருந்தால் போதும். புதிய செயலி எதுவும் தேவையில்லை.

படி 1: ஏழு நாட்களுக்கு நேரத்தை எழுதி வையுங்கள்

நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அரை மணி நேரத்துக்கு ஒரு வரி வீதம் கோடிட்டு, மூன்று கட்டங்கள் அமையுங்கள்: என்ன செய்தீர்கள், யாருக்காகச் செய்தீர்கள், நடுவில் எத்தனை முறை நிறுத்த வேண்டியிருந்தது. இரவில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பெரிய வேலைகள் மட்டுமே நினைவில் நிற்கும் என்பதால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பிவிடுவது நல்லது. விடுமுறை நாளையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் சொந்தத் தொழிலின் வேலை பெரும்பாலும் அன்றைக்குத்தான் சத்தமின்றி வழிந்து வரும்.

வீட்டு வேலைகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கட்டணம் செலுத்தும் கடைசி நாளை நினைவில் வைத்திருப்பது, தீர்ந்துபோகும் பொருளை முன்கூட்டியே கவனிப்பது, யாரை எப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்று யோசிப்பது ஆகியவை கைக்கு வேலை தராவிட்டாலும் கவனத்தைப் பிடித்துக்கொள்பவை. அவற்றுக்குப் பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால்கூடப் போதும். இந்தப் புள்ளிகள் ஐந்தாம் படியில் தேவைப்படும்.

படி 2: மணிநேரங்களை வகைப்படுத்திக் கூட்டுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்தைக் குறியுங்கள்: நேரடியாக வருமானம் தரும் வேலைக்கு ‘வ’, பில் போடுதல், கணக்கு எழுதுதல், மூலப்பொருள் வாங்குதல், விசாரணைகளுக்குப் பதில் சொல்லுதல் போன்று தொழிலைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு ‘தா’, வீட்டுப் பொறுப்புக்கு ‘வீ’, தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் ‘ஓ’. பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டுங்கள்.

அடுத்து, அந்த வாரத்தின் வரவிலிருந்து எல்லாச் செலவுகளையும் கழித்து, மிஞ்சிய தொகையை ‘வ’, ‘தா’ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர் ‘வ’ நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டு விலை நிர்ணயிக்கிறார்கள். ஒரு பொருளைச் செய்ய மூன்று மணி நேரமும், அதற்கான பேச்சுவார்த்தை, கொள்முதல், பொதி கட்டுதல் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரமும் ஆகிறதென்றால், அந்தப் பொருள் உண்மையில் ஐந்து மணி நேர வேலை. நேரப் பற்றாக்குறையாகத் தெரிவது சில சமயம் விலைக் குறைபாடாகவே இருக்கும். அப்படியிருந்தால், எத்தனை அட்டவணை போட்டாலும் அது தீராது, விலையைத்தான் திருத்த வேண்டும்.

படி 3: குறுக்கீடு குறைந்த வேளைக்கு வேலி போடுங்கள்

முதல் படியின் மூன்றாம் கட்டத்தைப் பார்த்து, மிகக் குறைவாக நிறுத்தப்பட்ட ஒன்றரை மணி நேரத்தைக் கண்டுபிடித்து, அதை வாரத்தில் நான்கு நாட்களுக்கேனும் ‘வ’ வேலைக்கென்று காலண்டரில் பதிந்துவிடுங்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டியபடி, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதால், புதிய வேலையின் தரமும் குறைகிறது. ஆகவே பத்து நிமிடத் துண்டுகள் ஒன்பதைச் சேர்த்தால் முழுதாக ஒன்றரை மணி நேரம் ஆகிவிடாது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழச் சொல்லும் அறிவுரையை நான் இங்கே தரவில்லை. முன்னதாகப் படுக்க முடியாதவருக்கு அது தூக்கத்திலிருந்து கடன் வாங்கும் ஏற்பாடு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பதே தூக்க மருத்துவத் துறையின் பரிந்துரை.

செய்திகளுக்குப் பதில் சொல்ல நாளில் இரண்டு வேளைகளை ஒதுக்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் பயன்படுத்துவோர், பணி நேரத்துக்கு வெளியே தானாகச் செல்லும் பதிலையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான விரைவுப் பதில்களையும் ஒருமுறை அமைத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

படி 4: கெடு சொல்வதற்கு முன் பழைய கணக்கைப் பாருங்கள்

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது பலருக்கும் உள்ள இயல்பு. உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் இதை 1979-இலேயே விவரித்தனர். 1994-இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஏறத்தாழ 55 நாட்கள் ஆயின. எனவே வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும்போது மனத்தில் தோன்றும் நாளைச் சொல்லாமல், இதேபோன்ற கடந்த மூன்று ஆர்டர்களில் எது அதிக நாள் எடுத்ததோ அதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

படி 5: வேலையை அல்ல, பொறுப்பை ஒப்படையுங்கள்

இதுவே கடினமான படி. “சொன்னால் செய்கிறேன்” என்னும் உதவியில், கவனிப்பதும் நினைவூட்டுவதும் சரிபார்ப்பதும் உங்களிடமே எஞ்சிவிடுகின்றன. வீட்டின் சிந்தனை உழைப்பை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர், முன்கூட்டியே உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், கண்காணித்தல் என அதை நான்காகப் பிரித்து, அவர் பேட்டி கண்ட தம்பதியரிடையே முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்களிடமே சேர்ந்திருப்பதை 2019-இல் எழுதினார். நீங்கள் ஓரத்தில் வைத்த புள்ளிகள் இவைதாம்.

அவற்றில் அடிக்கடி வரும் ஒன்றைத் தேர்ந்து, நான்கு பகுதிகளையும் சேர்த்து, வீட்டிலுள்ள ஒருவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். எப்போது முடிந்திருக்க வேண்டும், எந்த அளவு போதும் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, அவர் செய்யும் முறை உங்கள் முறையிலிருந்து மாறுபட்டாலும் இடைமறிக்காமல் ஒரு மாதம் விடுங்கள். தொழிலில் ஆள் வைத்துக்கொள்ள முடிந்தால், வாரந்தோறும் ஒரே மாதிரி வரும் ‘தா’ வேலையை முதலில் கொடுங்கள். அடுத்த முறை அதை நீங்கள் செய்யும்போதே படிகளை எழுதி வைத்துக்கொண்டால் கற்றுக்கொடுப்பது எளிது.

படி 6: வாரம் ஒருமுறை இருபது நிமிடம்

குறித்த ஒரு நாளில் நோட்டைத் திறந்து, வேலி போட்ட வேளைகளில் எத்தனை நிலைத்தன, எது உடைத்தது என்று பாருங்கள். ஒரே காரணம் இரண்டு வாரம் தொடர்ந்தால் அந்த வேளையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். வாரக் கணக்கெடுப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்து, ‘தா’ நேரம் குறைந்திருக்கிறதா என்று பழைய பக்கத்தோடு ஒப்பிட்டு, கிடைத்த புதிய மணிக் கணக்கை வைத்து விலைப்பட்டியலையும் அப்போதே திருத்திவிடுங்கள்.