சிங்க் ஓரக் கசிவும் சிலிக்கான் கன்னும்

சமையல் மேடையும் சிங்க்கும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கி, கீழ் அலமாரிப் பலகை உப்பிப்போனது. இடுக்கை அடைக்கும் ரப்பர் மாதிரிப் பசையான சிலிக்கானை இரண்டு தடவை அடித்தும் ஒரு மாதத்திலேயே உரிந்து வந்தது. பழையதன் மேலேயே அடித்ததுதான் தப்பு. காய்ந்த சிலிக்கான் மேல் புதியது சரியாக ஒட்டாது.

இந்த முறை பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டேன். சிலிக்கான் டியூபின் மூக்கை 45 டிகிரி சாய்வாக, இடைவெளி அகலத்துக்கு மட்டும் வெட்டினேன். பெரிதாக வெட்டினால் வழிந்து எல்லாம் பாழ்.

டியூபைப் பொருத்திப் பசையைப் பிதுக்கும் துப்பாக்கி வடிவக் கருவிதான் கன். அப்புறம் கை வேகம். விசையை அழுத்துவதும் கன்னை நகர்த்துவதும் ஒத்துப்போக வேண்டும். மூக்கின் நுனியில் பசை சின்னக் குமிழாக உருண்டுகொண்டே வந்தால் இடுக்குக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கோடு முடிந்ததும் கன்னின் பின்பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, பசையைத் தள்ளும் தண்டைத் தளர்த்தினால்தான் ஒழுகுவது நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லை, அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

சில நிமிடங்களில் மேலே தோல் கட்டிவிடும். அதற்குள் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் நீவிவிட்டேன். 24 மணி நேரம் குழாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது, பலகை காய்ந்தே இருக்கிறது.